என் ஸ்கூட்டர் கொடுத்த தழும்பு

பேரன்புக்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் மூத்த தங்கையின் கணவன் பணிவோடு எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் உடம்பளவில் சுகமாகவே இருக்கிறோம். அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும், உங்கள் இடுப்பு வலி குறைந்திருக்க வேண்டும், போன கடிதத்தில் நீங்கள் எழுதியிருந்த அந்த மாடிவீட்டுக்காரர் இதற்குள் காலி செய்திருக்க வேண்டும். இதெல்லாம் நடந்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தக் கடிதத்தை ஒரு புகாராக எடுத்துக்கொள்ளுங்கள். இருபத்தொரு வருடமாகக் குடிநீர் அலுவலகத்தில் ஊரார் புகார்களைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருப்பவன் நான். யார் மேல், எதற்காக என்பது முதல் இரண்டு வரிக்குள் தெரிந்துவிட வேண்டும் என்பது எங்கள் அலுவலக விதி. புகார், உங்கள் சின்னத் தங்கையின் கணவர் மேல், அதாவது என் சகலை மேல். காரணம், அவர் நன்றாக இருக்கிறார். இதைப் படித்ததும் உங்கள் வாயில் 'பொறாமை' என்று ஒரு வார்த்தை வரும். தயவுசெய்து அதை அப்படியே விழுங்கிவிடுங்கள். எனக்குப் பொறாமை என்பது அறவே கிடையாது. வயிறு எரிகிறது, அவ்வளவுதான்.

இரண்டு மாப்பிள்ளைகளையும் பார்த்து முடித்து வைத்தவர் நீங்கள். எனக்கு ஆபீஸ் உத்தியோகம், அவருக்கு மெத்தைக் கடையில் வேலை என்று அன்றைக்கு எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னீர்கள். மெத்தைக் கடையில் என்ன வேலை என்று நீங்கள் விசாரிக்கவில்லை. நான் நேரில் போய்ப் பார்த்தேன் மச்சான். வாடிக்கையாளர் முன்னால் மெத்தையில் ஏறிப் படுத்துக் காட்டுவது! இடதுபுறம் ஒருக்களித்து, வலதுபுறம் ஒருக்களித்து, மல்லாந்து, கடைசியில் கண்ணை மூடி ஒரு பெருமூச்சு. அந்தப் பெருமூச்சில்தான் வியாபாரம் முடியுமாம். நாள் முழுக்க நிமிர்ந்து உட்கார்ந்து ஊரார் வசவை வாங்குகிற என்னையும், படுத்துக்கொண்டே சம்பளம் வாங்குகிற அவரையும் பதினாறு வருடமாக ஒரே தட்டில் வைத்துப் பார்க்கிறீர்கள். அதையும் பொறுத்தேன். இப்போது நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஒன்றரை மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் ஒரு வக்கீல் விளம்பரம் வந்தது. இங்கே பெரிய குடைக் கம்பெனி வைத்திருந்த முதலாளி ஒருவர் காலமாகிவிட்டார். கல்யாணம் ஆகாதவர். அவருடைய அண்ணன் பிள்ளை, நாலு வயதில் ரயில் நிலையக் கூட்டத்தில் தவறிப்போனது. உயிரோடிருந்தால் இப்போது வயது நாற்பத்துநாலு, இடது முழங்காலில் ஒரு தழும்பு, தகுந்த ஆதாரத்தோடு வந்தால் பங்களா, கம்பெனி உட்பட சகலமும் அந்தப் பிள்ளைக்கே. நான் இதைப் படித்துவிட்டு, யாரோ கொடுத்து வைத்தவன் என்று பக்கத்தைத் திருப்பிவிட்டேன். அன்று சாயங்காலமே சகலை, உங்கள் சின்னத் தங்கையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரக்கூட இல்லை. கால்சட்டையைத் தொடை வரைக்கும் சுருட்டிவிட்டார்.

"சகலை, பேப்பர் பாத்தீங்களா? எனக்கு வயசு நாப்பத்துநாலு."

"தெரியும்."

"இது இடது முழங்காலு."

"அதுவும் தெரியும். அந்தத் தழும்பு என் ஸ்கூட்டர்ல விழுந்தப்ப வந்தது."

"அது நம்ம நாலு பேருக்குத்தானே தெரியும்?" என்றார், வாயெல்லாம் பல்லாக.

உங்கள் சின்னத் தங்கை, "ஏங்க, உங்க அப்பா அம்மா ரெண்டு பேரும் குத்துக்கல்லாட்டம் உயிரோட இருக்காங்களே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "அவங்க எங்க பேப்பர் படிக்கப் போறாங்க?" என்று சகலை அவள் வாயை அடைத்தார். நான் மூத்தவன் என்ற முறையில், "சகலை, இது தப்பு" என்று சொன்னேன். "தப்புதான் சகலை. இல்லேன்னு சொல்லல. ஆனா படுத்துப் படுத்து எனக்கு முதுகு போச்சு. ஒரு தடவை போய்ப் பாக்குறேன், போனா அடிச்சா போடுவாங்க?" என்றார். உங்கள் மூத்த தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அந்த ஸ்கூட்டர் என்னுடையது. அன்றைக்கு அதைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போனவர் அவர். வண்டிக்கு மட்கார்டு நசுங்கியது, அவருக்குத் தழும்பு கிடைத்தது. நியாயமாகப் பார்த்தால் அந்தத் தழும்பில் எனக்கும் உரிமை உண்டா இல்லையா? நீங்களே சொல்லுங்கள்.

திங்கட்கிழமை போனார். அடிக்கவில்லை மச்சான், உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்கள்! வக்கீலம்மா கேட்டதற்கெல்லாம் அள்ளி விட்டிருக்கிறார். ரயில் நிலையம் ஞாபகம் இருக்கிறதாம், புகை ஞாபகம் இருக்கிறதாம், யாரோ ஒரு கை நழுவிப்போனது இன்றைக்கும் கனவில் வருகிறதாம். விசாரணை முடிகிறவரை பங்களாவிலேயே தங்கிக்கொள்ளுங்கள் என்று அந்த அம்மா சாவியைக் கொடுத்துவிட்டார். புதன்கிழமை இருவரும் இரண்டு பெட்டியோடு குடி போய்விட்டார்கள்.

நாங்கள் பார்க்கப் போனோம். நான் போக விரும்பவில்லை, உங்கள் தங்கைதான் இழுத்துக்கொண்டு போனாள். வாசலிலிருந்து வீட்டுப் படி வரைக்கும் நடக்கவே நாலு நிமிடம் ஆனது. கூடத்தில் முதலாளியின் ஆளுயரப் படம். அதன் முன்னால் சகலை நின்றுகொண்டு, எங்களைப் பார்த்ததும், "சித்தப்பா!" என்று குரல் தழுதழுக்கக் கண்ணைத் துடைத்தார். தோட்டக்காரர் அந்தப் பக்கம் போனதும் சாதாரணக் குரலில், "வாங்க சகலை, செருப்பை அங்கயே விடுங்க, பளிங்குத்தரை" என்றார். வீட்டுக்குள்ளேயே லிஃப்ட்! மரக்கதவு, உள்ளே உட்கார ஒரு சின்ன நாற்காலி, முகம் பார்க்கக் கண்ணாடி. "அக்கா, ஏறிப் பாக்கிறியா?" என்று சின்னவள் கூப்பிட்டாள். உங்கள் மூத்த தங்கை பதினொரு தடவை ஏறி இறங்கினாள். நான் எண்ணினேன். குளியலறை எங்கள் இரண்டு அறையையும் சேர்த்ததை விடப் பெரிது. போதாக்குறைக்கு சகலை படுக்கையறையைக் காட்டி, "மெத்தைதான் சரியில்ல சகலை, பஞ்சு ஒரு பக்கமா ஒதுங்கியிருக்கு" என்று குறை வேறு சொன்னார். அந்த நிமிடம் எனக்குள் ஏதோ ஒன்று 'டொக்'கென்று உடைந்தது.

வீட்டுக்கு வந்தோம். எங்கள் மூன்று மாடிப் படியையும் உங்கள் தங்கை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து ஏறினாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மறுநாளிலிருந்து எனக்கு ஆபீஸில் கை ஓடவில்லை. ஒரு கிழவர் வந்து, தெருமுனைக் குழாய் ராப்பகலாக ஓடுகிறது, கேட்பாரில்லை என்று சொன்னதை, 'தெருமுனையில் சகலை ராப்பகலாக ஓடுகிறார், கேட்பாரில்லை' என்று பதிவேட்டில் எழுதிவிட்டேன். மேலதிகாரி கூப்பிட்டு, "யாருய்யா இந்த சகலை? எதுக்கு ஓடுறாரு?" என்று கேட்டார். அவரிடம் என்ன சொல்வது? உட்கார்ந்த இடத்தில் இருந்துகொண்டே ஓடுகிற மனிதர் என்றா?

மூன்று வாரம் இப்படிப் போனது. பிறகு, உண்மை உலகத்துக்குத் தெரியவேண்டும் என்ற ஒரே எண்ணத்தில், ஒரு திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு வக்கீலம்மாவின் ஆபீஸுக்குப் போனேன். குறுகலான மாடிப்படி, மேலே ஒரே ஒரு அறை, சுவரெல்லாம் கயிறு கட்டிய காகிதக் கட்டுகள். அந்த அம்மா பென்சில் சீவிக்கொண்டிருந்தார். 'பங்களாவில் இருப்பவர் என் சகலை, அவர் டூப்பு விடுகிறார்' என்று சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போயிருந்தேன். அந்த அம்மா நிமிர்ந்து, "நீங்க யாரு?" என்று கேட்டார். மச்சான், நான் சத்தியமாக என்ன சொல்ல நினைத்தேனோ அது வரவில்லை. லிஃப்ட் கண்ணுக்குள் வந்து நின்றது.

"நான்தாம்மா அந்தப் பிள்ளை" என்றேன்.

அந்த அம்மா ஆச்சரியமே படவில்லை. "ஏழாவது" என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். "தழும்பு?"

காட்டினேன். என்னிடம் இருப்பது வலது காலில், கணுக்காலுக்கு நாலு விரல் மேலே.

"முழங்கால்னு இல்ல போட்டிருந்தேன்?"

"சின்ன வயசுல பட்டதும்மா. ஆள் வளர வளரத் தழும்பு இறங்கிடுச்சு."

"இடது காலுன்னும் போட்டிருந்தேன்."

"நாலு வயசுல இடது எது வலது எதுன்னு யாருக்கும்மா தெரியும்?"

அந்த அம்மா நோட்டை மூடி வைத்தார். பிறகு, "வியாழக்கிழமை ரெண்டு மணிக்கு பங்களாவுக்கு வாங்க. எல்லாரையும் வச்சு முடிவு சொல்றேன்" என்றார். அறிவுள்ள பெண்மணி, நான் சொன்னதில் உள்ள நியாயம் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். திங்களுக்கும் வியாழனுக்கும் நடுவில் குறிப்பிட்டுச் சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை.

வியாழக்கிழமை கல்யாணச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். படிகளை மெதுவாகவே ஏறினேன். அவசரப்படுகிறவன் எப்படி வாரிசாக இருக்க முடியும்? கூடத்தில் வக்கீலம்மா இருந்தார். சோபா நுனியில், காக்கிச் சட்டை போட்ட ஒரு அம்மா கையில் வண்டிச் சாவியை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சகலை ஒரு முக்காலியில் ஏறி நின்று ஜன்னல் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். சின்னவள் டீ கொண்டு வந்துகொண்டிருந்தாள். இதைவிட நல்ல சமயம் கிடைக்காது என்று நான் நடுக்கூடத்தில் நின்று குரலை உயர்த்தினேன்.

"எல்லாரும் கேட்டுக்குங்க! இந்த ஆளு டூப்பு! இவருக்கு அப்பா அம்மா ரெண்டு பேரும் உயிரோட இருக்காங்க! அந்தத் தழும்பு என் ஸ்கூட்டர்ல விழுந்தது! அசல் பிள்ளை நான்தான்!"

சின்னவள் டீத்தட்டை மேஜையில் வைத்தாள். "அத்தான்!" என்றாள். சகலை முக்காலியிலிருந்து இறங்கி, துணியை உதறிக்கொண்டே, "அம்மா, இவரு என் சகலை. நான் செஞ்ச தப்பைத் தன் மேல போட்டுக்கிட்டு என்னைக் காப்பாத்தணும்னு பதட்டத்துல ஏதோ உளர்றாரு. மனசுல வச்சுக்காதீங்க" என்றார்.

"யோவ், யாருய்யா உன்னைக் காப்பாத்த வந்தா?" என்று கத்தினேன். பதினாறு வருடத்தில் அவரை 'யோவ்' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

வக்கீலம்மா பென்சிலைக் கீழே வைத்தார். "அவரு டூப்புன்னு அவரே போன வாரம் வந்து எழுதிக் கொடுத்துட்டாரு. உங்க ஸ்கூட்டரைப் பத்திக்கூட அதுல இருக்கு. இப்ப இந்தக் கூடத்துல மிச்சம் இருக்கிற டூப்பு நீங்க ஒருத்தர்தான்."

நான் கல்யாணச் சட்டையின் காலரை இழுத்து விட்டுக்கொண்டேன். அந்த அம்மா விடவில்லை. "அதோட, பையன்னு நான் எங்க போட்டேன்? பிள்ளைன்னு போட்டேன். ஏழு ஆம்பளைங்க மீசையை முறுக்கிட்டு வந்து நிக்கிறீங்க. பிள்ளை இதோ, இவங்க" என்று காக்கிச் சட்டையைக் காட்டினார்.

விஷயம் இதுதான் மச்சான். அந்த அம்மா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். விளம்பரம் வந்த முதல் வாரமே வந்துவிட்டார். அவரை வளர்த்த குழந்தைகள் இல்லத்தின் பழைய பதிவேட்டில், என்றைக்கு, எந்த ரயில் நிலையத்தில், என்ன நிற கவுனோடு கிடைத்தார் என்பது வரை எழுதியிருந்தது. அதைச் சரிபார்க்க மாதம் ஒன்று ஆகிவிட்டது. அப்படியானால் சகலைக்கு எதற்குச் சாவி கொடுத்தீர்கள் என்று நான் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். "பூட்டிப் போட்டா வீடு கெட்டுடும். பொய் சொல்ல வந்த ஆளுங்கள்ல இவரு ஒருத்தர்தான் வீட்டைச் சுத்திப் பாக்கிறப்பவே சொட்டுற குழாயை மூடிட்டு வந்தாரு. தோட்டக்காரரை ஒரு கண்ணு வச்சுக்கச் சொல்லிட்டு இவரையே இருக்க விட்டேன்" என்றார். குழாய் மச்சான்! குழாய் என் துறை! அன்றைக்கு நான் போயிருந்தால் வாஷரே மாற்றியிருப்பேன்!

சரி, சகலை ஏன் தானாகப் போய் ஒப்புக்கொண்டார்? மூன்றாவது வாரம், மாடியில் ஒரு அலமாரியைத் திறந்து பார்த்திருக்கிறார். சட்டை ஏதாவது தன் அளவுக்கு இருக்குமா என்றுதான் திறந்தாராம். உள்ளே நாற்பது குடைகள். ஒவ்வொன்றின் கைப்பிடியிலும் ஒரு சீட்டு. 'ஐந்து வயது', 'ஆறு வயது', 'ஏழு வயது' என்று வருடத்துக்கு ஒன்று. முதலில் இருப்பவை ஓரத்தில் சுருக்கம் வைத்த பூப்போட்ட குட்டிக் குடைகள், போகப் போகப் பெரிதாகி, பெண்கள் கைப்பையில் வைக்கிற மடக்குக் குடைகள். தொலைந்த அண்ணன் மகளுக்காக அந்த மனிதர் நாற்பது வருடம் தன் கையாலேயே செய்து வைத்தவை. சகலை அலமாரி முன்னாலேயே உட்கார்ந்துவிட்டாராம். "அதைப் பாத்ததுக்கப்புறம் அந்த மனுஷனை நான் எப்படி சகலை சித்தப்பான்னு கூப்பிடறது? நாக்கு வரல" என்றார் என்னிடம், ஜன்னல் துடைத்த துணியைப் பிழிந்தபடி.

பாருங்கள் மச்சான் அநியாயத்தை. பொய் சொல்லவும் எனக்கு முன்னால் ஓடினார், திருந்தவும் எனக்கு முன்னால் ஓடினார். எனக்கு ஒன்றாவது மிச்சம் வைத்தாரா?

அந்த வேன் அம்மா ஐந்து வயதுக் குடையை எடுத்து விரித்தார். அது அவர் தலைக்கு மேல் ஒரு தொப்பி அளவுக்குத்தான் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அந்த ஆளுயரப் படத்தின் முன்னால் சிறிது நேரம் நின்றார். சின்னவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். என் கண்ணிலும் தூசி விழுந்தது. ஜன்னல் துடைத்தால் தூசி பறக்காமல் என்ன செய்யும்? பிறகு அவர் கடிகாரத்தைப் பார்த்து, "மூணேகாலுக்கு ஸ்கூல் விடும், பிள்ளைங்க நிக்கும்" என்று குடையை மடக்கிவிட்டு, சகலையிடம், "நான் வேனை விடப்போறதில்ல. நீங்க ரெண்டு பேரும் இங்கயே இருந்து வீட்டைப் பாத்துக்கங்க. குடைக் கடைக்கும் நல்லாப் பேசத் தெரிஞ்ச ஆளு வேணும்" என்றார். மோசடி செய்ய வந்தவருக்கு உத்தியோகம்! பின்கட்டு வீடு! லிஃப்ட் உபயோகிக்க அனுமதி! போகிற போக்கில் என்னைப் பார்த்து, "இவருக்கும் ஏதாவது குடுங்க, பாவம்" என்றார். வக்கீலம்மா மூலையில் சாத்தியிருந்த ஒரு குடையை எடுத்துக் கொடுத்தார். ஒரு கம்பி வளைந்தது. நான் யார் தயவும் இல்லாமல், தலை நிமிர்ந்து நடந்து வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

ஆகவே என் கோரிக்கைகள். நீங்கள் ஒரு முறை நேரில் வந்து அவரைக் கூப்பிட்டு வைத்துக் கண்டிக்க வேண்டும். எதற்காகக் கண்டிப்பது என்பதை நீங்கள் வருவதற்குள் யோசித்து வைக்கிறேன். சின்னவள் இனி தன் அக்காவிடம் லிஃப்ட் என்ற சொல்லை உச்சரிக்கக் கூடாது. மேலும், நான் செத்தாலும் அந்த வீட்டு வாசலை மிதிக்கப் போவதில்லை. அவரை என் வீட்டுப் படியேற விடப் போவதுமில்லை. அவர் கையால் ஒரு டம்ளர் தண்ணீர்கூட வாங்கமாட்டேன். இது என் முடிவான முடிவு. பொறாமை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் வீட்டில் எல்லோரும் நோய் நொடி இல்லாமல், கூரை ஒழுகாமல், குழாயில் தண்ணீர் நிற்காமல் நீடூழி வாழ வேண்டும் என்று மனதார வாழ்த்துகிறேன். அக்காவுக்கு என் வணக்கங்கள். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு முத்தம்.

என்றும் உங்கள் அன்புக்குக் காத்திருக்கும்,
மூத்த மாப்பிள்ளை

பின்குறிப்பு: அண்ணா, இது நான் எழுதுவது. உறையை ஒட்டச் சொல்லி இவர் கொடுத்தார், படித்துவிட்டேன். திங்களுக்கும் வியாழனுக்கும் நடுவில் ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதியிருக்கிறாரே, புதன்கிழமை குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, உப்புத்தாளை வைத்து இடது முழங்காலைத் தேய்த்தார். தழும்பு வேண்டுமாம். வியாழக்கிழமை அந்தக் கூடத்தில் நின்று கத்தும்போதே கால்சட்டையில் ரத்தம் ஊறிவிட்டது. தலை நிமிர்ந்து நடந்தெல்லாம் வரவில்லை. தங்கச்சி வீட்டுக்காரர்தான் தூக்கிக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டி, மூன்று மாடியும் சுமந்து வந்து படுக்க வைத்தார். அந்த மனிதருக்கு ஏற்கெனவே முதுகு சரியில்லை. அவர் ஒன்றும் உத்தமர் இல்லை அண்ணா, மூன்று வாரம் அந்தப் படத்தின் முன்னால் நின்று பொய்யாக அழுதவர்தான். ஆனால் இவர் காலில் சீழ் பிடித்ததிலிருந்து தினமும் வேலை முடிந்து ஆறு மணிக்கு வந்து கட்டுப் பிரித்து மருந்து போடுகிறார். தான் முன்பு வேலை பார்த்த கடையில் சொல்லி ஒரு மெத்தையும் கொண்டு வந்து போட்டிருக்கிறார். இந்தக் கடிதம் முழுவதையும் இவர் அதில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டுதான் எழுதினார். நீங்கள் கண்டிக்க வரவேண்டாம், சும்மா வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போங்கள். நிறுத்துகிறேன், மணி ஆறாகப் போகிறது. "என்ன இன்னும் ஆளைக் காணோம்?" என்று இவர் இதற்குள் மூன்று தடவை கேட்டுவிட்டார். ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கச் சொல்கிறார்.